தொண்ணூறு அடி சாலையில் நம் பிள்ளைகள்



ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நாம் சுற்றிக்காட்டும் மும்பை ஒன்று உண்டு. கேட்வே ஆப் இந்தியா, மெரின் டிரைவ், நேரம் மிஞ்சினால் படகேறி எலிபண்டா. இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அந்த வரிசையில் வராது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும், முகவரி கேட்டால் சற்றுத் தயங்கியே சொல்லிவந்த இடம் அது. நீங்கள் டெல்லியிலோ பெங்களூரிலோ சூரத்திலோ இருந்து இதை வாசிக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டில் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒரு மகனோ மகளோ இருந்தால், தயவுசெய்து என்னோடு கொஞ்சத் தூரம் நடந்து வாருங்கள்.

மத்திய ரயில்வேயின் சயான் நிலையத்தில் இறங்கி மேற்குப் புறமாக வந்தால், தொண்ணூறு அடி சாலைக்கு நடந்தே போய்விடலாம். தொண்ணூறு அடி என்பது காகிதத்தில் உள்ள அகலம். கடைகளின் முன்நீட்டல், நிறுத்தி வைத்த டெம்போக்கள், தள்ளுவண்டிகள் எல்லாம் எடுத்துக்கொண்டது போக மீந்திருக்கும் வழியில்தான் மனிதர் நடக்க வேண்டும். சிறிது தூரம் சென்றதும் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து தென்படும். நகை அடகுக் கடை, முறுக்குக் கடை, காமராஜர் பெயரில் ஒரு பள்ளி, 'அண்ணாச்சி' என்ற விளி. திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கிவிட்டோமோ என்று ஐயப்படும் அளவுக்கு அந்தச் சத்தம் நம் காதுக்குப் பழகியது.

இதுதான் தாராவி. மேற்கே மாகிம், கிழக்கே சயான், வடக்கே மித்தி ஆறு. இவற்றின் நடுவில் இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நிலம். ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள் தெரிகின்றன. ஆதியில் இது கோலி மீனவரின் குடியிருப்பு. பின்னர் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஜனங்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். 1887இல் பெரிய பள்ளிவாசல், 1913இல் தமிழர் கட்டிய பிள்ளையார் கோவில், 1924இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கென முதற்பள்ளி என்று இங்குள்ள ஆண்டுக் கணக்குகளிலேயே நம்மவரின் காலடித் தடம் இருக்கிறது. விடியுமுன் மும்பையின் தெருக்களுக்கு இட்லிப் பாத்திரத்தோடு புறப்படும் வியாபாரிகளில் பலர் இன்றும் இங்கிருந்துதான் போகிறார்கள்.

சந்துகளுக்குள் நுழைந்தால் நம்முடைய சபைகளையும் காணலாம். கீழ்த்தளத்தில் தையல் கூடம், இரும்பு ஏணி ஏறினால் மேலே ஆராதனை. ஞாயிறு காலையில் தையல் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். மேலிருந்து கைத்தட்டலும் கஞ்சிராச் சத்தமும் கேட்கும். ஒரு வீட்டின் அளவுள்ள அறையில் அறுபது பேர் நெருங்கி நின்று கர்த்தரைத் துதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் உங்களில் பலர் இரட்சிக்கப்பட்டும் இருப்பீர்கள்.

நான் காட்ட வந்தது சனிக்கிழமை மாலையில் நடப்பது.

சாலையிலிருந்து ஒரு சந்து திரும்பும் முனையில், மூடிய கடையொன்றின் முன் பத்துப் பதினைந்து பையன்கள் வட்டமாக நிற்கிறார்கள். தோளை விட்டு வழியும் பெரிய சட்டை, பின்புறம் திருப்பிய தொப்பி, இரு பக்கமும் மழித்து உச்சியில் நிறுத்திய முடி. ஒருவன் இரு கைகளையும் வாயருகே குவித்து, உதட்டாலும் நாக்காலும் தொண்டையாலும் மத்தளமும் ஜால்ராவும் ஒன்றாக ஒலிப்பது போல் தாளம் எழுப்புகிறான். மற்றொருவன் நடுவில் வந்து அந்தத் தாளத்தின்மேல் மூச்சு விடாமல் பேசுகிறான். ராப் என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இப்படி வட்டமாகக் கூடுவதற்குச் சைஃபர் என்று பெயர். அந்த வட்டத்துக்கும் ஒழுங்கு உண்டு. ஒருவன் பதினாறு அடி பேசி முடித்தால் அடுத்தவன் நுழையலாம். எதிராளியை வாயால் வெல்லலாம், கையால் தொடலாகாது. ஒருவன் சொல் தடுமாறி நின்றால் மற்றவன் அந்த இடத்திலிருந்து தாளத்தை எடுத்துக்கொள்வான். அடியின் முடிவுச் சொல்லைச் சுற்றி நிற்பவர்கள் சேர்ந்து சொல்வார்கள். எனக்கு நம்மூர் வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதுதான் நினைவுக்கு வந்தது.

அங்கே நின்ற ஒரு பையனின் தாயாரை எனக்குத் தெரியும். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அவன் பாட்டுப் படிக்கானா, சண்டை போடுதானான்னே தெரியல பிரதர். முடியைப் பார்த்தா ஆராதனைக்குக் கூட்டிட்டு வரவே கூச்சமா இருக்கு." மகனுக்கு வயது 16. மூன்றாம் தலைமுறையாக மும்பையில் இருக்கும் நாசரேத்துக் குடும்பம்.

அந்தப் பையனிடம் நான் கேட்டது ஒன்றே: தம்பி, அந்த வட்டத்தில் உனக்கு என்ன கிடைக்கிறது? அவன் யோசிக்காமல் பதில் சொன்னான். "ஸ்கூல்ல நான் மதராசி, அங்கிள். ஊருக்குப் போனா பாம்பேக்காரன். சர்ச்ல தாத்தா பேரைச் சொல்லி, அவர் பேரன்னு சொல்லுவாங்க. இங்க மட்டும்தான் நான் எனக்கு வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

பிரியமானவர்களே, இந்தப் பதிலை இலேசாக விட்டுவிடாதீர்கள். நகரத்துக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களின் கதை முழுவதும் இதற்குள் இருக்கிறது. அவனுடைய தாத்தாவின் தலைமுறை, 1966இல் சிவசேனை தொடங்கிய நாட்களில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கூச்சலைக் கேட்டு, வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு கால்சட்டையோடு தெருவில் இறங்கிய தலைமுறை. தமிழ் வீட்டுக்குள், வெளியில் இந்தி. அவனுடைய தகப்பனாரின் தலைமுறையோ, வேலைக்கான மனுவில் தாராவி என்று எழுதாமல் சயான் என்றோ மாகிம் என்றோ எழுதிய தலைமுறை. ஒருவர் பாஷையை மறைத்தார், மற்றொருவர் முகவரியை மறைத்தார். மூன்றாம் தலைமுறைப் பையனோ இரண்டையும் தெருமுனையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தாராவியின் அஞ்சல் குறியீட்டு எண் 400017. எம்.சி. அல்தாப் என்ற தாராவி இளைஞர் அந்தப் பதினேழையே தம் பாட்டின் தலைப்பில் வைத்தார். இப்போது பையன்களின் தொப்பியிலும் சட்டையிலும் அந்த எண் இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதக் கூசிய எண்ணை மார்பில் போட்டுக்கொள்கிறார்கள்.

இது ஒரு நாளில் நேர்ந்ததன்று. 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்ற படம் வந்து உலகமெங்கும் பேசப்பட்டபோது, தங்களை நாய் என்று அழைத்ததாக இங்குள்ள பலருக்கு மனம் நொந்தது. அதற்கு மறுமொழி போலத்தான் இங்கே உடல் வளைத்து ஆடும் பையன்கள் தங்கள் குழுவுக்கு 'ஸ்லம்காட்ஸ்' என்று பெயரிட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயரின் பிற்பாதி நமக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் அவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். தலைகீழாக ஒரு கையில் நின்று அப்படியே அசையாமல் உறைந்து நிற்பதற்கு எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்பதை மொட்டைமாடிகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2015 வாக்கில் பள்ளிவிட்ட நேரத்தில் இக்கலைகளைச் சொல்லித்தரும் ஒரு பள்ளியும் தாராவிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 2018இல் 'காலா', 2019இல் 'கல்லி பாய்' என்று திரைப்படங்கள் வந்தன. சினிமா பார்க்காத வீடுகள் நம்முடையவை. ஆயினும் பெயர்களாவது நம் காதில் விழுந்திருக்கும். 'காலா'வின் பாட்டுகளில் தாராவியின் 'டோப்படெலிக்ஸ்' குழுவினர் பாடியிருக்கிறார்கள். அவர்கள் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பாடுகிறவர்கள். ஒரே வாயில் மூன்று பாஷை என்பது இங்கே வித்தையன்று. இட்லி வாங்குவதற்கும் பேருந்தில் இடம் கேட்பதற்கும் காவலருக்குப் பதில் சொல்வதற்கும் தனித்தனிப் பாஷை வேண்டியிருக்கும் பிள்ளையின் இயல்பான பேச்சு.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பையனிடம் பேச்சைத் தொடங்கவாவது உதவும். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியைப் பெரிய நெடுஞ்சாலையொன்று பிளந்துகொண்டு போனது. வீடுகள் இடிந்தன, வேலைகள் போயின. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் விருந்தொன்று நடத்தினார்கள். தங்கைக்குப் பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பது அதன் நோக்கம். இசைத்தட்டுச் சுழற்றிய அண்ணன் கூல் ஹெர்க்குக்கு அப்போது வயது 18. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது இந்த நாளைத்தான். குடிபெயர்ந்த வீடு, இடிந்த தெரு, பள்ளிக்கூடத் துணிக்குப் பணமில்லாத பிள்ளைகள். தாராவிப் பையனுக்கு அது தன் வீட்டுக் கதை போல் ஒலிப்பதில் வியப்பென்ன? அன்று தெருவில் ஆடப்பட்ட ஆட்டம் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

இதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1906இல், அதே அமெரிக்காவின் மறுகரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் இன்னொரு கூட்டம் கூடியது. நம்மில் யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர், ஒரு காலத்தில் குதிரை லாயமாகவும் பயன்பட்ட பழைய கட்டடத்தில் அதை நடத்தினார். கைத்தட்டல், உரத்த ஜெபம், போதகர் ஒன்றைச் சொல்ல ஜனங்கள் ஆமென் என்று திருப்பிச் சொல்வது. ஒழுங்கில்லாத கூச்சல் என்று செய்தித்தாள்கள் பரிகசித்தன. பிராங்ஸின் பாட்டுக்கும் அசூசாவின் ஆராதனைக்கும் ஆவி ஒன்றல்ல. அதை நான் அறிவேன். ஆனால் குரல் எழுப்பி மறுகுரல் வாங்கும் அந்தப் பழக்கம், கறுப்பின மக்கள் தங்கள் வேதனையில் காத்துவைத்த ஒரே சொத்திலிருந்து இரண்டுக்கும் வந்தது.

நம் தேசத்துக்கு வருவோம். மும்பையிலிருந்து புனேக்கு ரயிலேறி, அங்கிருந்து தௌண்டு செல்லும் பாதையில் போனால் கேட்காவ் என்னும் சிறிய நிலையம் வரும். பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். பஞ்சத்தில் அநாதைகளான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் கூட்டிச்சேர்த்த அந்த இல்லத்தில் 1905 ஜூன் மாதக் கடைசியில் எழுப்புதல் உண்டாயிற்று, அசூசாவுக்கும் முன்னால். அழுகையும் ஆர்ப்பரிப்புமாகப் பல நாள் ஜெபித்தவர்கள் பெரும்பாலும் உங்கள் மகள் வயதுப் பெண்கள். சாதிக்கும் குடும்பத்துக்கும் வெளியே தள்ளப்பட்ட அவர்களுக்கு, சத்தமாக வாய்திறக்க முதன்முதலாக ஓர் இடம் கிடைத்தது. அவர்களைப் பற்றி அங்கிருந்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் எழுதிய சிறுநூல் தென்னமெரிக்காவின் சிலி தேசத்துக்குப் போய் அங்கே 1909இல் பெந்தெகொஸ்தே சபை எழும்ப வழிவகுத்தது. பதின்வயதுப் பிள்ளைகளின் கூச்சல் என்று யாராவது கதவைச் சாத்தியிருந்தால்?

அதே 1905ஆம் ஆண்டில், பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்துப் பையன் ஒருவன் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டான். வீட்டார் அவனை வெளியேற்றினார்கள். தன் பதினாறாம் பிறந்தநாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றான்; சில வாரங்களில் காவியுடை தரித்தான். கிறிஸ்தவர்களுக்கே அந்த உடை விநோதமாயிருந்தது. சாது சுந்தர் சிங்கின் படத்தை நம் வீடுகளில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்தப் படத்திலுள்ள தலைப்பாகையும் காவியும் ஒரு பதினாறு வயதுப் பையன் தானே தெரிந்துகொண்ட கோலம் என்பது நமக்கு மறந்துபோகிறது.

நம் கதை மட்டும் வேறா? உங்கள் தாயார் முதன்முதலில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைப் புடவையில் தெருவில் நடந்தபோது சொந்தபந்தம் என்ன பேசியது? மூளி என்றார்கள். தாலி கட்டின கழுத்தா இது என்றார்கள். கைதட்டிப் பாடுகிற கூட்டம், தரையில் விழுகிற கூட்டம் என்று பெரிய சபைக்காரர்களும் ஒதுக்கினார்கள். உடையால், தலைக்கோலத்தால், விளங்காத பாஷையால் தங்களை ஊரிலிருந்து பிரித்துக்கொண்டு, அந்தப் பிரிவினையிலேயே ஒரு குடும்பத்தைக் கண்டுகொண்டவர்கள் நாம். 'பிரதர்', 'சிஸ்டர்' என்ற விளிகூட அங்கே பெற்றதுதான். நம் பிள்ளைகள் 'பன்டாய்' என்று தோழனை அழைக்கிறார்கள். தாராவியின் ஒரு குழு அந்தச் சொல்லையே தன் பெயராக்கி 'செவன் பன்டாய்ஸ்' என்று பாடுகிறது. கூட்டத்துக்கென்று உடை, கூட்டத்துக்கென்று சொல் என்பதை நம் பிள்ளைகள் தெருவில் மட்டும் கற்கவில்லை.

வேதத்தில் தானியேலின் முதல் அதிகாரத்தை வீட்டு ஜெபத்தில் எடுத்து, பிள்ளைகளோடு நிதானமாக வாசியுங்கள். சொந்த ஊரிலிருந்து பெரிய நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு வாலிபர்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள், அதை மறுக்கவில்லை. எபிரெயப் பெயர்களை மாற்றி அந்நிய தேவர்களின் பெயர் கலந்த பெயர்களை அவர்களுக்கு இட்டார்கள். அதற்காகவும் அவர்கள் போராடியதாக எழுதப்படவில்லை. ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மாத்திரம் வேண்டாமென்று இருதயத்தில் தீர்மானித்தார்கள். அதையும் கலகமாகச் செய்யாமல், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று பணிவாய்க் கேட்டார்கள். பின்பு மூன்றாம் அதிகாரத்தில் அவர்களில் மூவரை அக்கினிச்சூளையில் போடும்போது, அவர்கள் உடுத்தியிருந்த சால்வை, நிசார், பாகை என்று வேதம் உடைகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. பாபிலோன் மாகாணத்தின் உத்தியோகஸ்தர்களாயிருந்த அவர்களின் உடை அந்நாட்டு உடையாகவே இருந்திருக்க வேண்டும். அக்கினி அந்த உடைகளையும் தொடவில்லை.

ஆகவே தொப்பிக்கும் முடிக்கும் உங்கள் கோபத்தைச் செலவழித்துவிடாதீர்கள். மெய்யாகவே கோபப்பட வேண்டிய இடத்தில் கையில் மிச்சமிராது. அந்த இடங்கள் உண்டு. மேலே சொன்ன குழுவொன்றின் பெயரிலேயே போதை இருக்கிறது. புகையைப் புகழும் பாட்டுகள் நிறைய. பெண்களை இழித்துப் பேசுவதைத் திறமையென்று எண்ணும் பாட்டுகளும் நிறைய. மகனின் பாட்டை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். விளங்காத சொல்லுக்கு அவனிடமே பொருள் கேளுங்கள். தன் வரிக்குத் தாயிடம் பொருள் சொல்ல வேண்டிவந்தால், பல வரிகளை அவனே அடித்துவிடுவான். நான் முன்பு சொன்ன தாயார் அப்படித்தான் செய்தார். பையன் இரண்டு சொற்களுக்குப் பொருள் சொல்லாமல் தலைகுனிந்தான். அந்த இரண்டும் அடுத்த வாரம் பாட்டில் இல்லை. மீதிப் பாட்டு, தண்ணீர்க் குழாயடியில் அதிகாலையில் வரிசையில் நிற்கும் அவரைப் பற்றியதுதான் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தெருமுனை வட்டத்தில் அவர்களை அபூர்வமாகத்தான் காண முடியும். இருட்டியபின் தெருவில் நிற்க அவர்களுக்கு அனுமதியில்லை. அந்தக் கவலை நியாயமானதே. அவர்களின் வட்டம் கைப்பேசிக்குள் இருக்கிறது. கொரியா என்றவுடன் நமக்கு யோய்டோ சபையும் 2021இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்த போதகர் யோங்கி சோ அவர்களும் நினைவுக்கு வருவார்கள். நம் மகள்களுக்கோ பி.டி.எஸ். என்ற ஏழு பையன்கள். நாம் சோ அவர்களின் புத்தகங்களை அட்டை கிழியும்வரை வாசித்தோம். அவர்கள் கொரிய எழுத்தையே கற்றுவிட்டார்கள். தெருவில் நிற்கும் மகனைத் தேடிப் போகலாம். போர்வைக்குள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டிருக்கும் மகளை யார் தேடுவது? பையன்களைவிட அவர்களைக் குறித்துத்தான் எனக்குக் கவலை அதிகம்.

இந்த வடிவங்களைச் சபைக்குள் கொண்டுவருவது தகுமா என்று மூப்பர் சிலர் கேட்கிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியபோது, குறவஞ்சி என்பது கோவிலிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட கூத்து. அவர் அந்த வடிவத்தை எடுத்து மீட்பரைப் பாடினார். அவருடைய பாட்டுகளை நாம் இன்று பழைய, பக்தியான பாட்டுகள் என்கிறோம்.

இப்போது தாராவியில் வேறொரு காற்று வீசுகிறது. இந்தப் பிள்ளைகளின் குரல் முன்னிலும் உயர்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 நவம்பரில் தாராவியை இடித்துக் கட்டும் ஒப்பந்தப்புள்ளியை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பதாகக் காட்டக்கூடியவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் விதி வேறு. அவர்கள் தாராவிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். அந்த 16 வயதுப் பையனின் குடும்பம் இருப்பது மேல்தளத்தில். தாத்தா வந்து அறுபது ஆண்டாகியும், ஏணியின் எந்தப் படியில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து அவன் தாராவிக்காரனா இல்லையா என்று தீர்மானமாகும். மார்பில் எழுதிய எண் அவனுடைய எண்ணாக எத்தனை நாள் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் கூடும் சபையும் வாடகை மேல்தளத்தில்தான் இருக்கிறது. மூப்பர்கள் பழைய மின்கட்டண ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூப்பர்களுக்குள் நீண்ட பேச்சுக்குப் பிறகு, மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் கடைசி அரைமணி நேரத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிபந்தனைகள் உண்டு: வரிகளை முன்னதாக எழுதிக் காட்ட வேண்டும், ஒலிபெருக்கி கூடாது, ஏழரைக்குள் முடிக்க வேண்டும். தொப்பியைப் பற்றி ஒரு மூப்பர் கேட்டார். மற்றொருவர், ஜெபம் பண்ணும்போது மாத்திரம் கழற்றட்டும் என்றார். முதல் மாதம் அவனோடு நான்கு நண்பர்கள் ஏணியேறி வந்தார்கள். இருவர் கும்பார்வாடாக்காரர்கள், ஒருவன் இஸ்லாமியப் பையன், ஒருவன் விழுப்புரம் பக்கத்துத் தமிழன். காலணிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்தார்கள். வாயால் தாளம் போடுகிறவன் தொடங்கியபோது முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு கஞ்சிராவைத் தேடி எடுத்தார், தாளம் சேரவில்லை, பையன்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். முடிந்ததும் தேநீரும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். போகும்போது அந்த இஸ்லாமியப் பையன் மூப்பரிடம் இந்தியில், அடுத்த மாதமும் இதே நேரமா என்று கேட்டுக்கொண்டு இறங்கினான்.